வீடு ஏலத்தில் போன பிறகு இரண்டாம் அடமானக் கடனை வசூலிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இது அடிக்கடி நடக்கிறது. வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கும். தொழிலுக்கு முடை, பெண்ணுக்குக் கல்யாணம் என்று அதே வீட்டைக் காட்டி, தெரிந்தவரிடம் மேற்கொண்டு ஒரு தொகை வாங்குவார்கள். கொடுப்பவரும் ‘இரண்டு தெருவுக்கு நீண்ட வீடு, எங்கே போய்விடப் போகிறது’ என்று அடமானப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார். அப்புறம் ஒருநாள் வங்கி ஏல அறிவிப்பு பத்திரிகையில் வரும். அப்போது இரண்டாவதாகக் கடன் கொடுத்தவர் கேட்கிற கேள்விகள் இவை. தனியார் கொடுத்த கடனை வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. உங்கள் பத்திரத்தின் வாசகம் எதையும் மாற்றிவிடக்கூடும் என்பதால், பத்திரத்தோடு ஒரு சிவில் வக்கீலைப் பார்ப்பது அவசியம்.

வீடே போய்விட்டது. என் கடனும் போய்விட்டதா?

இல்லை. உங்கள் பத்திரத்தில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ‘வாங்கிய பணத்தைத் திருப்பித் தருகிறேன்’ என்ற வாக்கு ஒன்று. தராவிட்டால் இந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொள் என்ற பிணை இன்னொன்று. முதல் அடமானத்துக்காக வீடு விற்றுப்போனால் பிணைதான் கழன்றுபோகிறது, வாக்கு நிற்கிறது. பிணையும்கூட முழுதாக மறைவதில்லை. ஏலத்தில் வங்கிக்குப் போக ஏதாவது மிஞ்சினால், வீட்டின் மேல் உங்களுக்கு இருந்த உரிமை அந்த மிச்சப் பணத்தின் மேல் வந்து நிற்கும்.

ஆக, பார்க்க வேண்டிய இடம் இரண்டு: ஏல மிச்சம், கடன் வாங்கியவரின் மற்ற சொத்து. பெரும்பாலானவர்கள் வீட்டையே நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாவதற்கான கெடுவைக் கோட்டை விடுகிறார்கள். அந்தக் கெடு குறுகியது. கீழே விரிவாக வருகிறது.

ஏலப் பணம் எந்த வரிசையில் பிரியும்?

முதலில் ஏலச் செலவு, அடுத்து முதல் அடமானக்காரரின் (முதலில் கடன் கொடுத்தவரின்) அசலும் வட்டியும், அதற்குப் பிறகு நீங்கள், கடைசியாக வீட்டுக்காரர். கோர்ட் மூலம் விற்றாலும், கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் சர்ஃபாசி சட்டத்தில் (2002) வங்கியே விற்றாலும் அடிப்படை இதுதான். சர்ஃபாசி 13(7) பிரிவு, மிச்சத்தை உரிமையுள்ளவருக்கு அவரவர் உரிமைக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும் என்கிறது. வீட்டுக்காரருக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை.

ஒரு கணக்கு: வீடு 52 லட்சத்துக்கு ஏலம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்கு அசல், வட்டி, செலவு எல்லாம் சேர்த்து 46 லட்சம். மிச்சம் 6 லட்சம். உங்களுக்கு வர வேண்டியது வட்டியோடு 19 லட்சம் என்றால், அந்த 6 லட்சமும் உங்களுக்கே. பாக்கி 13 லட்சத்துக்கு வீட்டுக்காரரைத்தான் பிடிக்க வேண்டும்.

மிச்சத்தை வங்கி வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டால்?

கொடுக்கும் முன்பே தடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஏல அறிவிப்பைப் பார்த்த அன்றே, அதில் பெயர் போட்டிருக்கும் வங்கி அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். உங்கள் அடமானப் பத்திரத்தின் எண், பதிவான சார்பதிவாளர் அலுவலகம், பாக்கித் தொகை, மிச்சம் வந்தால் உங்களுக்குத் தர வேண்டும் என்ற கோரிக்கை, இவ்வளவு இருந்தால் போதும். பத்திர நகலை இணைத்து, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். கடிதம் கையில் இருக்கும்போது வீட்டுக்காரரிடம் மிச்சத்தை நீட்ட எந்த அதிகாரியும் யோசிப்பார்.

வங்கியின் நடவடிக்கையே தப்பு என்று தோன்றினால் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் 45 நாளுக்குள் மனுப் போட வேண்டும். சிவகங்கை மாவட்டத்துக்கு அது மதுரையில் இருக்கிறது.

வீட்டை வங்கி விற்கவில்லை. முதல் அடமானக்காரர் கோர்ட்டில் கேஸ் போட்டு விற்றார். எனக்குச் சம்மனே வரவில்லையே?

அப்படியானால் உங்கள் நிலைமை நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கலாம். அடமான வழக்கில், அந்தச் சொத்தில் பாத்தியதை உள்ள எல்லோரையும் கட்சியாக (வழக்கின் தரப்பாக) சேர்க்க வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 34, விதி 1. பின்னால் வந்த அடமானக்காரரும் இதில் அடக்கம். உங்களைச் சேர்க்காமல் வாங்கிய டிகிரி (கோர்ட்டின் தீர்ப்பாணை) உங்களைக் கட்டுப்படுத்தாது. ஏலத்தில் எடுத்தவர் கையிலும் உங்கள் அடமானம் உயிரோடுதான் இருக்கும்.

அதற்காக வீடு சுளையாக உங்களுக்கு வந்துவிடாது. ஏலம் எடுத்தவர் முதல் அடமானக்காரரின் இடத்தில் நிற்கிறார். அந்த முதல் கடன் தொகையை அவருக்குக் கொடுத்து மீட்கும் உரிமை, அல்லது அந்த முதல் பாரத்துக்கு உட்பட்டு வீட்டை மறுபடி விற்கக் கேட்கும் உரிமை, இவைதான் உங்களுக்கு. நடைமுறையில் ஏலம் எடுத்தவர் ‘இந்த வில்லங்கம் தீர்ந்தால் சரி’ என்று பேச்சுக்கு வருவார். அந்தப் பேச்சுக்கு உங்கள் கையில் இருக்கும் பிடி இதுதான்.

இரண்டு எச்சரிக்கை. முதல் அடமானக்காரர் கேஸ் போட்ட பிறகு எழுதி வாங்கிய அடமானம் என்றால் இந்தப் பிடி கிடையாது. வழக்கு நடக்கும்போது வாங்கிய உரிமையை அந்த வழக்கின் முடிவு கட்டுப்படுத்தும். அதேபோல, சர்ஃபாசியில் வங்கி நேராக விற்ற வீட்டுக்கும் இந்த வாதம் பொருந்தாது. அங்கே வழக்கே இல்லை, ஆகவே கட்சி சேர்க்கிற பேச்சும் இல்லை.

ஏலத்துக்கு முன்பே நான் வங்கிக் கடனைக் கட்டிவிட்டால்?

கட்டலாம். சொத்து மாற்றுச் சட்டம் (1882) 91-ஆம் பிரிவு பின் அடமானக்காரருக்கு முன் அடமானத்தை மீட்கும் உரிமை தருகிறது. 92-ஆம் பிரிவுப்படி, கட்டிய தொகைக்கு நீங்கள் வங்கியின் இடத்துக்கு வந்துவிடுவீர்கள். அதாவது அந்தத் தொகைக்கும் சேர்த்து வீடு உங்களுக்குப் பிணை. ஆனால் வங்கிக்கு உள்ள சர்ஃபாசி அதிகாரம் உங்களுக்கு வராது. வீட்டை விற்க நீங்கள் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

நேரம் முக்கியம். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே முழுப் பாக்கியையும் கட்ட வேண்டும். அறிவிப்பு வெளியானதோடு மீட்கும் உரிமை முடிந்தது என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ‘ஏலத்தன்று காலையில் போய்க் கட்டிக்கொள்ளலாம்’ என்ற பழைய கணக்கு இனி எடுபடாது.

நானே ஏலத்தில் எடுக்கலாமா?

வங்கி ஏலத்தில் தடையில்லை. எடுத்த அன்றோ மறு வேலைநாளிலோ 25 சதவீதம், மீதி 15 நாளில் (வங்கி எழுத்தில் சம்மதித்தால் மூன்று மாதத்துக்கு மிகாமல் நீளும்). நீங்கள் நடத்திய வழக்கிலேயே ஏலம் என்றால் கோர்ட் அனுமதி வாங்கித்தான் கேட்க முடியும்.

ஆனால் பணத்துக்குப் பதில் சொத்தை வாங்கிக்கொள்வதில் நம் ஊருக்கு ஒரு பெரிய அனுபவம் இருக்கிறது. 1930-களின் பொருளாதாரச் சரிவில் பர்மாவில் நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம், அங்கே கடன் கொடுத்துவந்த நம் செட்டியார் கடைகளின் கைக்கு வந்தது. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி நிலம் அவர்களிடம் இருந்தது. யாரும் ஆசைப்பட்டு வாங்கிய நிலமில்லை அது. போரும், அப்புறம் வந்த நில தேசியமயமும் அதைக் கொண்டுபோயின. இன்றைக்கு எண்பது அறை வீட்டை ஏலத்தில் எடுத்தால் நாட்டு ஓடு மாற்றவும் மழைக்காலம் முடிந்து சுண்ணாம்பு பூசவும் வருஷா வருஷம் செலவு. விற்கவும் சீக்கிரம் ஆள் கிடைப்பதில்லை. வாடகையோ ஓட்டலோ என்று தெளிவான கணக்கு இருந்தால் மட்டும் கேளுங்கள்.

மிச்சம் ஒரு பைசா இல்லை. எத்தனை வருஷத்துக்குள் கேஸ் போட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அடமானக் கடனுக்கு 12 வருஷம் கெடு என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் அது வீட்டின் மேல் வசூலிக்கும் வழக்குக்கு. கடன் வாங்கியவரின் மற்ற சொத்தையும் வருமானத்தையும் தொடுகிற உரிமைக்குக் கெடு 3 வருஷம்தான். பத்திரத்தில் தவணை குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். ‘கேட்டபோது தருகிறேன்’ என்று மட்டும் எழுதியிருந்தால் பத்திரத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

வீடு இருக்கும்வரை இந்த வித்தியாசம் யாருக்கும் உறைப்பதில்லை. எட்டாவது வருஷம் கேஸ் போட்டாலும் வீட்டை விற்க டிகிரி கிடைக்கும். ஆனால் வீடு போன பிறகு, அல்லது வீட்டை விற்றும் கடன் தீராதபோது, கட்டளை 34 விதி 6-இன் கீழ் மீதிக்கு நபர் மேல் டிகிரி கேட்பீர்கள். அந்த மீதி ‘சட்டப்படி வசூலிக்கத்தக்கதாக’ இருந்தால்தான் கோர்ட் கொடுக்கும். வழக்கு போட்ட தேதியில் 3 வருஷம் தாண்டியிருந்தால் கிடைக்காது. ஆகவே வங்கிக் கடன் தடுமாறுகிறது என்று தெரிந்ததுமே, 3 வருஷத்துக்குள் உங்கள் வழக்கைப் போட்டுவிடுவது நல்லது. வழக்கு நடுவில் வங்கி வீட்டை விற்றாலும் நபர் மேலான உரிமை காப்பாற்றப்பட்டிருக்கும்.

கெடுவை நீட்ட நேர்வழிகளும் உண்டு. கெடு முடியும் முன் கடனாளி கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தால் அன்றிலிருந்து புது 3 வருஷம். ஒரு பகுதிப் பணம் கட்டி, கட்டியதாக அவர் கைப்படவோ கையெழுத்தோடோ ஒரு பதிவு இருந்தாலும் அப்படியே. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசும்போது ‘தீபாவளிக்குள் தந்துவிடுகிறேன் அண்ணே’ என்று சொன்னால், அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சம்பந்தி என்று கூச்சப்பட வேண்டாம், கூச்சத்துக்குச் சட்டம் அவகாசம் தருவதில்லை.

நம் பக்கத்துக்கே ஏற்ற ஒரு விதி, காலவரையறைச் சட்டம் 15(5): பிரதிவாதி இந்தியாவில் இல்லாத காலம் கணக்கில் சேராது. கடன் வாங்கியவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இரண்டு வருஷம் இருந்தார் என்று நிரூபிக்க முடிந்தால் அந்த இரண்டு வருஷம் உங்களுக்கு மிச்சம்.

3 வருஷம் தாண்டிவிட்டதே, ஒன்றுமே செய்ய முடியாதா?

இரண்டு சந்து இருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டம் 65(e) பிரிவின்படி, வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, இரண்டாம் அடமானம் வைப்பவர் முதல் அடமானத்தின் வட்டியையும் அசலையும் உரிய காலத்தில் கட்டுவேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்ததாகவே கொள்ளப்படும். 68-ஆம் பிரிவு, அடமானம் வைத்தவரின் தவறால் பிணை பறிபோனால் பணத்துக்கு வழக்குப் போடலாம் என்கிறது. இரண்டையும் சேர்த்து, வீடு பறிபோன நாளிலிருந்துதான் 3 வருஷம் என்று வாதிட இடமுண்டு. இதை மட்டும் நம்பி உட்காருவது ஆபத்து. முதல் கெடு தவறியவர்களுக்கான வாதம் இது.

இன்னொன்று, காலாவதியான கடனையும் ‘தருகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டம் 25(3) அதைப் புது ஒப்பந்தமாக எடுத்துக்கொள்ளும். கடனை ஒப்புக்கொள்வது மட்டும் இதற்குப் போதாது, தருவதாக வாக்கு வேண்டும்.

என்னுடையது ஒத்தி. வீட்டில் குடியிருந்தேன், வட்டிக்கு வாடகை சரியாய்ப் போனது.

அனுபவப் பாத்தியதையோடு வாங்கிய அடமானத்தில், தனியாக எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு நபர் பொறுப்பு கிடையாது. வீட்டை விற்கச் சொல்லிக் கேட்கவும் முடியாது. வங்கி அடமானம் முந்தியது என்றால் ஒத்திக்காரர் காலி செய்ய வேண்டி வரும். அப்போது மேலே சொன்ன 68-ஆம் பிரிவுதான் கைகொடுக்கும்.

கடன் வாங்கியவருக்கு அந்த வீட்டில் ஒரு பங்குதான். பங்காளிகள் ஏழெட்டுப் பேர்.

அவருடைய பங்குக்கு மேல் அவர் அடமானம் வைத்திருக்க முடியாது. பங்காளிகள் கையெழுத்துப் போடாத பத்திரம் அவர்களைக் கட்டுப்படுத்தாது. வீடு பிரிந்தால், அவருக்கு எந்தப் பகுதி ஒதுங்குகிறதோ அதன் மேல் உங்கள் அடமானம் நகரும். அந்தப் பங்கை வாங்கும் வெளியாள் மற்றவர்களோடு வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதியில்) வந்து உட்கார முடியாது. பாகப்பிரிவினைக் கேஸ்தான் போட வேண்டும். போட்டாலும் பங்காளி ஒருவர் மதிப்புத் தொகை கொடுத்து அந்தப் பங்கை எடுத்துக்கொள்ள 1893-ஆம் வருஷச் சட்டம் வழி விடுகிறது. பல நேரம் உங்கள் பணம் வந்து சேருவதும் அப்படித்தான்: வெளியாள் வருவதை விரும்பாத பங்காளி கொடுக்கிறார்.

இதையே திருப்பிப் பாருங்கள். அடமானம் வைத்த வீடு போனாலும், கடன் வாங்கியவருக்கு ஐயா (தாத்தா) வீட்டில் ஒரு புள்ளிப் பங்கு (ஒரு குடும்பத்துக்குரிய பங்கு) இருந்தால், டிகிரி வாங்கி அதை ஜப்தி செய்யலாம்.

ஏலத்துக்கு முன் தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் பெயர்த்து விற்கிறார். தடுக்க முடியுமா?

முடியும், ஆனால் உடனே. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்குப் போய்விட்ட தூணைத் தேடிப் பிடிப்பது லேசல்ல. பிணை போதாமல் போகும்படி சொத்தை அழிக்கக் கூடாது என்கிறது சொத்து மாற்றுச் சட்டம் 66-ஆம் பிரிவு. வீட்டைப் படம் எடுத்துக்கொண்டு, தடையாணை கேட்டு மனுப் போடுங்கள். வங்கிக்கும் தகவல் கொடுங்கள், அவர்களுக்கும் இதில் நஷ்டம். பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் போன பிறகு அந்த வீட்டில் மிஞ்சுவது மனை விலைதான்.

கடன் வாங்கியவர் காலமாகிவிட்டார். ‘அப்பச்சி வாங்கிய கடனுக்கு நான் பொறுப்பில்லை’ என்கிறார் மகன்.

பாதி சரி. அப்பச்சியிடமிருந்து அவருக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டும் பொறுப்பு. மகனின் சொந்தச் சம்பாத்தியத்தைத் தொட முடியாது. ‘அப்பன் கடன் மகனுக்குத் தர்மக் கடமை’ என்ற பழைய இந்துச் சட்ட விதி, 2005 செப்டம்பர் 9-க்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு இல்லை.

டிகிரி கையில் இருக்கிறது. வசூல்?

நிறைவேற்ற 12 வருஷம் இருக்கிறது. வங்கிக் கணக்கு, வேறு மனை, கடைச் சரக்கு ஆகியவற்றை ஜப்தி கேட்கலாம். சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாது. அரசு ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றைத் தொடவே முடியாது. சிவில் சிறைக்கு அனுப்புகிறேன் என்று மிரட்டுவது பலிக்காது: வசதி இருந்தும் கட்ட மறுக்கிறார் என்று காட்டினால்தான் உண்டு. கேஸ் நடக்கும்போதே சொத்தை மாற்ற முயல்கிறார் என்றால், தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி கேட்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் டிகிரி வெறும் தாள்தான்.

கடனுக்குச் செக் கொடுத்திருந்து அது திரும்பினால் வேறு வழியும் உண்டு: 30 நாளுக்குள் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் புகார்.

ரொக்கமாகக் கொடுத்தேன், வட்டியும் கொஞ்சம் கூட.

20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி வாங்கியவருக்குத்தான் அபராதம். கடன் அதனால் அழிவதில்லை. ஆனால் அந்தப் பணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி உங்கள் பக்கம் திரும்பும். வட்டி விஷயத்தில் தமிழ்நாட்டில் 2003 முதல் அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கந்துவட்டிக் கணக்கோடு கோர்ட்டுக்குப் போனால் வாதியே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும்.

வில்லங்கச் சான்றிதழில் வங்கிக் கடனே இல்லை. அப்படியானால் நான்தானே முதல்?

அவசரப்படாதீர்கள். மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன், ஆவணம் பதிவாகாமல் இருந்தாலும், பின்னால் பதிவான அடமானத்தைவிட முந்தியதாகவே நிற்கும். பதிவுச் சட்டம் 48-ஆம் பிரிவு இதைத் தனியாகவே சொல்கிறது. பழைய கடன்களில் இது அதிகம். பணம் கொடுக்கும்போது அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்த்தீர்களா என்பதே கேள்வி. ‘லாக்கரில் இருக்கிறது’ என்று ஜெராக்ஸ் கொடுத்தால் லாக்கர் எந்த வங்கி என்று கேளுங்கள். செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டிலும் கட்டணம் கட்டித் தேடலாம்.

கலிபோர்னியாவில் இருக்கிற என் தம்பி மகனுக்கும் இதே சிக்கல். அங்கேயும் இப்படித்தானா?

அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கலிபோர்னியாவில் முதல் கடன்காரர் கோர்ட்டுக்குப் போகாமல் ஏலம் விட்டால் பாக்கிக்கு அவர் வழக்குப் போட முடியாது. ஆனால் அந்த ஏலத்தில் பிணை இழந்த, வேறொரு இரண்டாம் கடன்காரர் கடன் பத்திரத்தின் மேல் பொதுவாக வழக்குப் போடலாம். அந்த இரண்டாம் கடன், தான் குடியிருக்கும் வீட்டை வாங்குவதற்கே எடுத்த கடன் என்றால் முடியாது. வீட்டின் மேல் பிற்பாடு செலவுக்கு எடுத்த கடன் என்றால் முடியும். உங்கள் தம்பி மகன் எதற்காக அந்த இரண்டாம் கடனை எடுத்தார் என்பதை முதலில் கேளுங்கள். அங்குள்ள வக்கீலும் அதைத்தான் முதலில் கேட்பார்.